ஐயோனிக் 5, மாடல் ஒய், அட்டோ 3: முதல் பார்வையில் எதைப் பார்ப்பது, எதை எடுப்பது

புதிதாக ஒரு மின்சாரக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது விளக்கையும் திரையையும்தான். அதில் தப்பில்லை, கார் செய்கிறவர்களும் அதற்காகத்தான் அவற்றில் அவ்வளவு உழைப்பைக் கொட்டுகிறார்கள். ஆனால் ஹூண்டாய் ஐயோனிக் 5, டெஸ்லா மாடல் ஒய், பிஒய்டி அட்டோ 3 மூன்றிலும் ஏறி இறங்கி, பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து, குடும்பத்துக்கு ஒரே கார் என்றால் எதை எடுப்பது என்று யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. கண்ணில் படுவதைவிட கையில் படுவதுதான் முடிவைச் சொல்கிறது. கதவைத் திறக்கும் பிடி, ஏசி பட்டன், இண்டிகேட்டர், பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் எந்த உயரத்தில் நிற்கிறது, சார்ஜிங் மூடி காரின் எந்த மூலையில் இருக்கிறது, இந்த மாதிரி விஷயங்கள். மோட்டார் சக்தி, பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை வினாடி என்பதெல்லாம் மூன்றிலுமே தேவைக்கு மேல் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை.

வெளித்தோற்றத்திலிருந்தே தொடங்கலாம். ஐயோனிக் 5 வெளிவந்தது 2021 பிப்ரவரியில். இத்தனை வருடம் கழித்தும் தெருவில் போனால் திரும்பிப் பார்க்க வைக்கிறது என்றால் அதன் வடிவத்தில் ஒரு துணிச்சல் இருப்பதால்தான். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ 1974இல் ஹூண்டாய்க்காக வரைந்த போனி கூபேயின் நேர்கோடுகளை எடுத்து, 2019இல் '45' என்ற மாதிரிக் காராகக் காட்டி, அதையே கிட்டத்தட்ட மாற்றாமல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். மாதிரிக் காரில் இருக்கும் அழகு தொழிற்சாலைக்குப் போனதும் மழுங்கிவிடுவதுதான் வழக்கம், இங்கே அது நடக்கவில்லை. கதவுகளின் குறுக்கே கூர்மையாக வெட்டிய ஒரு கோடு, முன்னும் பின்னும் சதுரம் சதுரமாக விளக்குகள், பக்கவாட்டு வரை மடிந்து இறங்கும் பானெட்.

படத்தில் பார்த்தால் இது சின்ன ஹேட்ச்பேக் போலத் தெரியும், பக்கத்தில் போய் நின்றால்தான் எவ்வளவு பெரிது என்று புரியும். முதலில் வந்த காரின் மொத்த நீளம் 4,635 மி.மீ., ஆனால் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே 3,000 மி.மீ. முதல் தலைமுறை பாலிசேடுக்கே, அதாவது ஹூண்டாயின் பெரிய மூன்று வரிசை எஸ்யூவிக்கே, 2,900தான். என்ஜின் இல்லாததால் சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளிவிட்டார்கள், அந்த இடமெல்லாம் உட்காருகிறவர்களுக்குக் கிடைக்கிறது. மாடல் ஒய் இதைவிட நீளமான கார், ஆனால் அதன் வீல்பேஸ், அதாவது இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 2,890. அட்டோ 3 மொத்தமே 4,455 நீளம், வீல்பேஸ் 2,720.

மாடல் ஒய்யின் உருவம் வேறொரு மனநிலையில் பிறந்தது. 2019இல் முதலில் காட்டினார்கள், 2025இல் முகத்தை மாற்றி, முன்னால் குறுக்கே ஒரு ஒளிக்கீற்றும் பின்னால் நேரடியாகக் கண்ணில் அடிக்காமல் உடலில் பட்டுத் தெறிக்கும் சிவப்பு வெளிச்சமும் கொடுத்தார்கள். அந்தப் பின்விளக்கு உண்மையிலேயே அழகு. ஆனால் மொத்த வடிவம் காற்றுக்காகச் செய்தது. காற்றுத்தடை எண் (குறையக் குறையக் கார் காற்றை எளிதாகக் கிழிக்கும்) ஐயோனிக் 5க்கு 0.288, மாடல் ஒய்க்கு 0.23 அல்லது அதற்கும் கீழே. ஊருக்குள் இந்த வித்தியாசம் தெரியாது. நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி கணக்கில் ஏறுவதால், 110, 120 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுகிறவருக்கு இதே பேட்டரியில் கூடுதல் தூரம் கிடைக்கிறது. கொடுக்கும் விலை என்னவென்றால், பின் கண்ணாடி ரொம்பச் சாய்ந்து, உள்கண்ணாடியில் பின்னால் வருவது ஒரு குறுகிய கீற்றாகத்தான் தெரிகிறது, அதைத் துடைக்க வைப்பரும் கிடையாது.

வைப்பர் என்றதும் சொல்ல வேண்டியது: ஐயோனிக் 5இலும் ஆரம்பத்தில் பின் வைப்பர் இல்லை. மழையிலும் சேற்றிலும் பின் கண்ணாடி அப்படியே மூடிக்கொள்கிறது என்று ஓட்டுகிறவர்கள் தொடர்ந்து குறை சொல்லி, 2024இல் வந்த மேம்பாட்டில்தான் வைத்தார்கள். அட்டோ 3இல் முதலிலிருந்தே உண்டு. அட்டோ 3 வெளியே பார்க்க ரொம்ப சாதாரணமான, யாரையும் உறுத்தாத கிராஸ்ஓவர், அந்தச் சாதாரணத்தில் வைப்பர் மாதிரி நல்ல பழக்கங்கள் சில அப்படியே தப்பிப் பிழைத்திருக்கின்றன.

கதவைத் திறந்து உள்ளே போனால் கதை தலைகீழாகிறது. அடக்கமான அட்டோ 3தான் உள்ளே கொண்டாட்டமாக இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தையும் இசையையும் மனதில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள்: ஏசி துவாரங்கள் டம்பெல் தட்டுகள் போல, கதவில் பொருள் வைக்கும் இடத்தில் தடுப்புக்குப் பதில் மூன்று சிவப்புக் கம்பிகள், விரலால் மீட்டினால் ஒவ்வொன்றும் வேறு சுருதியில் ஒலிக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஈர்ப்பு. எனக்கு அந்தக் கம்பிகள்மீது ஒரு சந்தேகம், சின்னச் சாவியோ நாணயமோ வைத்தால் இடைவெளியில் நழுவி விழும், ஆனால் உள்ளே ஏறியதும் முகத்தில் ஒரு மலர்ச்சி வருவதை மறுக்க முடியாது. பட்டனை அழுத்தினால் நடுத்திரை நெடுக்காகவும் குறுக்காகவும் சுழல்கிறது. காட்டுவதற்கு நன்றாக இருக்கிறது, வாங்கிய பிறகு பெரும்பாலானோர் ஏதோ ஒரு பக்கத்தில் வைத்து மறந்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். அதைவிட முக்கியம், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் 5 அங்குலத்தில் ஒரு குட்டித் திரை இருக்கிறது. சின்னதுதான், எழுத்தும் பொடிதான், ஆனாலும் வேகம் நேர் எதிரே தெரிகிறது.

மாடல் ஒய்யில் அதுவும் இல்லை. நடுவில் 15 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலான ஒரே திரை, எல்லாமே அதில்தான். வேகம் பார்க்க கண் பக்கவாட்டில் போக வேண்டும், ஏசி காற்று எந்தத் திசையில் வர வேண்டும் என்பதைக்கூடத் திரையில் விரலால் இழுத்துத்தான் மாற்ற வேண்டும், டேஷ்போர்டு பெட்டியைத் திறப்பதும் திரையில், கியர் மாற்றுவதும் திரையில். இதற்குப் பழகிப்போய் இனி வேறு கார் வேண்டாம் என்பவர்கள் ஏராளம், நான் அவர்களோடு சண்டை போடவில்லை. திரையின் வேகமும் மென்பொருளின் நேர்த்தியும் மற்ற இரண்டையும்விட ஒரு படி மேலே, இணையம் வழியாகவே வரும் மென்பொருள் அப்டேட்டில் கார் வருடா வருடம் மெருகேறுகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் காரில் கண்ணாடி மூடுபனி கட்டினால், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு இடம் மாறியிருக்கும் ஒரு சின்னப் படத்தை மிருதுவான கண்ணாடிமேல் தேடித் தொடுவதும், விரலுக்குத் தெரிந்த ஒரு பட்டனை சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுத்துவதும் ஒன்றாகாது.

இதில் காற்று திரும்பிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். 2023இல் வந்த புதிய மாடல் 3இல் டெஸ்லா இண்டிகேட்டர் தண்டையே எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கில் பட்டனாக வைத்தது. வட்டச் சந்திப்பில் ஸ்டீயரிங் பாதி திரும்பி நிற்கும்போது அந்தப் பட்டன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது, எதிர்ப்பு கிளம்பியது. 2025இல் மாடல் ஒய்யைப் புதுப்பித்தபோது இண்டிகேட்டர் தண்டை விட்டுவைத்தார்கள். ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பட்டனோ தண்டோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. பட்டன் வேண்டும் என்பதைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று இனி ஒதுக்க முடியாது.

ஐயோனிக் 5 இந்த விஷயத்தில் நடுவழியில் நிற்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. 12.3 அங்குலத்தில் இரண்டு திரைகள் பக்கம் பக்கமாக, கீழே வெப்பநிலைக்கும் ஒலிக்கும் பட்டன்கள். முதலில் வந்த கார்களில் சீட்டைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ திரைக்குள் போக வேண்டியிருந்தது, 2024 மேம்பாட்டில் அதற்கும் தனிப் பட்டன் வந்துவிட்டது. கியர் ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில் ஒரு உருளை: முன்னோக்கித் திருகினால் முன்னே, பின்னோக்கித் திருகினால் பின்னே, நுனியை அழுத்தினால் நிறுத்தம். நாலு தடவை பண்ணினால் கை பழகிவிடும். அப்புறம் யாரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று, டிரைவர் திரைக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும் பலகையில் காந்தம் ஒட்டும், குறிப்பு எழுதிய காகிதமோ குழந்தையின் படமோ செருகி வைக்கலாம். சார்ஜிங் மூடியைத் திறந்தால் அங்கேயும் பத்துச் சதுரப் புள்ளிகள், பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்துவிடலாம். அலங்காரமே வேலையும் செய்கிறது.

கதவுக்கு வருகிறேன், இதைத்தான் எல்லோரும் ஷோரூமில் தாண்டிப் போகிறார்கள். உடலோடு ஒட்டி மறைந்திருக்கும் கைப்பிடி பார்க்க வழவழவென்று இருக்கும். ஐயோனிக் 5இல் பூட்டு திறந்ததும் தானே வெளியே நீளும். மாடல் ஒய்யில் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபக்கத்தை மற்ற விரல்களால் இழுக்க வேண்டும். மூட்டுவலி இருக்கும் பெரியவர்கள் அதில் தடுமாறுவார்கள். உள்ளேயிருந்து திறப்பது மின்சாரப் பட்டன். விபத்திலோ வேறு கோளாறிலோ மின்சாரம் போய்விட்டால் முன்கதவில் கையால் இழுக்க ஒரு நெம்புகோல் உண்டு. பின்கதவில்? பழைய மாடல் ஒய்களில் சிலவற்றில் அது கிடையவே கிடையாது, இருக்கும் கார்களில் கதவுப் பாக்கெட்டின் அடிவிரிப்பை எடுத்து, உள்ளிருக்கும் மூடியைக் கழற்றி, கம்பியை இழுக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகளும் வயதானவர்களும். பதற்றத்தில், இருட்டில், அவர்கள் இதைச் செய்ய வேண்டும். 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 மாடல் ஒய் கார்களின் வெளிக் கைப்பிடி மின்சாரம் குறைந்தால் வேலை செய்யாமல் போவதைப் பற்றி விசாரணை தொடங்கியது. கதவை உள்ளேயும் வெளியேயும் கையால் திறக்க வழி இருந்தே ஆக வேண்டும் என்று சீனாவும் 2027இலிருந்து அமலாகும் விதியைக் கொண்டு வந்திருக்கிறது. மாடல் ஒய்யை எடுப்பவர் அந்தக் கம்பி இருக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுக்க வேண்டும், இழுத்தும் பார்க்க வைக்க வேண்டும். அட்டோ 3இன் வெளிக் கைப்பிடி பழைய பாணியில் கை நுழைத்து இழுப்பது. எந்த விளக்கமும் தேவையில்லை.

பின் சீட்டுக்குப் போவோம். மின்சாரக் காரில் பேட்டரி தரைக்குக் கீழே இருப்பதால் தரை உயர்கிறது, கூரையை அதே அளவு உயர்த்த முடியாது, அதனால் சீட்டுக்கும் தரைக்கும் இடையே உயரம் குறைந்து முழங்கால் மேலே வந்து தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கால் வைக்க நீள இடம் தாராளமாக இருக்கும், ஆனாலும் ஒரு மணி நேரத்தில் தொடையும் இடுப்பும் களைத்துவிடும். ஷோரூமில் அரை நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது, பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். மூன்றிலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. ஐயோனிக் 5இல் பின் சீட்டு முன்னும் பின்னும் 135 மி.மீ. நகர்கிறது, சாய்கிறது, காலை நீட்டிக்கொள்ள இடம் இருப்பதால் பெரிதாகத் தெரிவதில்லை. மாடல் ஒய்யில் தலைக்கு மேல் இடம் நன்றாக இருக்கிறது, 2025 மாடலில் பின்னால் இருப்பவர்களுக்குத் தனியாக 8 அங்குலத் திரையும் உண்டு. அட்டோ 3 அளவில் சின்னது, ஆனால் தரை சமதளம், நடுவில் மூன்றாவது ஆள் உட்காரலாம்.

டிக்கியில் மாடல் ஒய்யை யாரும் நெருங்க முடியாது. தரைக்கடியில் இருக்கும் குழியையும் சேர்த்து 854 லிட்டர், முன்னால் பானெட்டுக்கு அடியில் இன்னொரு 117. ஐயோனிக் 5க்கு 527, முன்னால் இருப்பது பின்சக்கர இழுவை மாடலில் 57, நான்கு சக்கர இழுவையில் வெறும் 24. அட்டோ 3க்கு 440, முன்னால் ஒன்றுமில்லை.

கண்ணாடிக் கூரை எல்லோரையும் மயக்கும். வெயில் அதிகமான இடத்தில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: திரைச்சீலை உண்டா? ஐயோனிக் 5இல் பெரிய கண்ணாடி, மின்சாரத்தில் மூடும் சீலையோடு. அட்டோ 3இல் கூரை திறக்கவும் செய்யும், சீலையும் உண்டு. மாடல் ஒய்யில் நிலையான கண்ணாடி, சீலை இல்லை. 2025 மாடலில் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், அது உதவுகிறது, ஆனால் உச்சி வெயிலில் தலையில் இறங்கும் வெளிச்சத்தை அது மறைக்காது. இன்னொன்று, 2025 அக்டோபரில் வந்த விலை குறைந்த ஸ்டாண்டர்ட் பதிப்பில் உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடியே தெரியாது, துணியால் மூடிவிட்டார்கள், பின் திரையும் முன் ஒளிக்கீற்றும் இல்லை. மாடல் ஒய் என்று யாராவது புகழ்ந்தால் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜிங் எண்களில்தான் அதிகக் குழப்பம். ஐயோனிக் 5இன் மின்னமைப்பு வேகச் சார்ஜிங்குக்கு ஏற்ற 800 வோல்ட், 350 கிலோவாட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80க்கு 18 நிமிடம் என்கிறார்கள். அட்டோ 3க்கு 30இலிருந்து 80க்கு அரை மணி நேரம் என்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை, ஒன்று 70 சதவீதம் நிரப்புவதைச் சொல்கிறது, மற்றது 50ஐச் சொல்கிறது. விளம்பரத்தில் நிமிடத்தைப் பெரிதாகவும் சதவீதத்தைச் சின்னதாகவும் போடுவார்கள், சதவீதத்தை முதலில் படியுங்கள். அடுத்து, நீங்கள் போகும் பாதையில் 50 கிலோவாட் சார்ஜர்தான் இருக்கிறது என்றால் 800 வோல்ட்டால் பெரிய லாபம் இல்லை, மூன்று காரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நிரம்பும். மாடல் ஒய் அதிகபட்சம் 250 கிலோவாட் வரை வாங்கும், அதன் பலம் அந்த எண்ணைவிட டெஸ்லாவின் சொந்த சார்ஜர் வலையில் இருக்கிறது. அந்த வலை உங்கள் வழியில் இருந்தால் அது பெரிய விஷயம், இல்லாவிட்டால் அந்தப் புள்ளியை அழித்துவிடுங்கள்.

சார்ஜிங் மூடி இருக்கும் இடம்: ஐயோனிக் 5க்குப் பின் வலது, மாடல் ஒய்க்குப் பின் இடது, அட்டோ 3க்கு முன் மட்கார்டு. வீட்டில் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், ப்ளக் எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். தினமும் கேபிளைக் காரைச் சுற்றி இழுக்க வேண்டி வந்தால் அந்த எரிச்சல் திரையின் அழகையெல்லாம் தின்றுவிடும்.

காரிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் வசதி ஐயோனிக் 5இல் 3.6 கிலோவாட் வரை, அட்டோ 3இலும் உண்டு. மின்வெட்டு வரும் இடத்தில் விளக்கு, விசிறி, குளிர்சாதனப்பெட்டி, மருத்துவக் கருவி எல்லாம் ஓடும். டெஸ்லா இந்த விஷயத்தில் ரொம்பப் பின்தங்கித்தான் தொடங்கியது.

பேட்டரி வகையிலும் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டியது. அட்டோ 3இல் இருப்பது பிஒய்டியின் பிளேடு பேட்டரி, 60.48 கிலோவாட் மணி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. எடைக்குக் கொள்ளும் ஆற்றல் குறைவு, கடுங்குளிரில் மந்தமாகும், ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, அடிக்கடி நூறு சதவீதம் நிரப்பினாலும் பெரிதாகத் தேயாது. ஐயோனிக் 5இல் நிக்கல் கலந்த வகை, தினசரி உபயோகத்துக்கு 80இல் நிறுத்துவது நல்லது. ஆகவே தாளில் தெரியும் தூரத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. 84 கிலோவாட் மணி ஐயோனிக் 5க்கு ஐரோப்பிய அளவீட்டில் 570 கி.மீ., அட்டோ 3க்கு 420. தினமும் ஒன்று 80 சதவீதம், மற்றது முழுசாக என்று போட்டால் 456க்கு 420, இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஐயோனிக் 5 மெத்தென்று மிதக்கிறது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளால் பிரேக் மீள்சக்தியை, அதாவது காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பச் சேர்ப்பதை, கூட்டிக் குறைக்கலாம், ஒரே பெடலில் முழுதாக நிறுத்தவும் செய்யலாம். பழைய மாடல் ஒய் கரடுமுரடு, 2025க்குப் பிறகு நிறையத் திருந்தியிருக்கிறது. அட்டோ 3 மென்மை, ஆனால் முன்சக்கர இழுவை என்பதால் ஈரச் சாலையில் சட்டென்று மிதித்தால் டயர் வழுக்கும். மூன்றுமே யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம்.

சரி, எதை எடுப்பது? மாதத்தில் பல தடவை நெடுந்தூரம், நிறையச் சாமான், பாதையில் டெஸ்லா சார்ஜர்கள், முன்னால் இருவர்தான் பெரும்பாலும் என்றால் மாடல் ஒய். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கார் இந்த மூன்றில் இல்லை. வீட்டில் சார்ஜ் செய்து ஊருக்குள்ளேயே ஓடும், பட்ஜெட் இறுக்கம், பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் முழுசாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும் என்றால் அட்டோ 3, அதன் உள் அலங்காரம் உங்களுக்குச் சலிக்காது என்று தோன்றினால். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஏறும் ஒரே காராக இருக்கப் போகிறது என்றால் என் தேர்வு ஐயோனிக் 5. ஏறி இறங்கும் உயரம், பின் சீட்டு, பட்டன், கூரைச்சீலை எல்லாவற்றிலும் உள்ளே உட்காருகிறவரை யோசித்திருக்கிறார்கள்.

ஐயோனிக் 5ஐப் பழைய காராக எடுக்கப் போகிறவர்கள் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின் வைப்பர் இருந்தால் அது 2024 மேம்பாட்டுக்குப் பிந்தையது என்று உடனே தெரிந்துவிடும். அதற்கு முந்தையது என்றால், சார்ஜிங்கையும் 12 வோல்ட் பேட்டரியையும் கவனிக்கும் ஐசிசியூ என்ற பாகத்துக்காக 2024இல் ஹூண்டாய் பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்தது, அந்த வேலை இந்தக் காருக்கு முடிந்திருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.